எதிர்நிலைப் பாத்திரமும் இருபாலீர்ப்பும்: சொல்லாட்சி நோக்கில் ஒரு திறனாய்வு

ஆண், பெண் ஆகிய இருபாலாரிடத்தும் விழைவு கொள்ளும் மாந்தர் திரையில் தோன்றும்போது பெரும்பாலும் தீயோராகவே தோன்றுகின்றனர். மேலைநாட்டுத் திறனாய்வாளர் இதனை நெடுங்காலமாகச் சுட்டி வருகின்றனர். 1992இல் வெளிவந்த 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்' படத்தின் கேத்தரின் டிராமெல் இவ்வகைக்குப் பெயர்பெற்ற சான்று; படப்பிடிப்பு நடைபெற்ற 1991இலேயே சான் பிரான்சிஸ்கோவில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் பிராங்க் அண்டர்வுட்டும் அவ்வரிசையினனே. 2001இல் வெளிவந்த 'மெட்டல் கியர் சாலிட் 2' என்னும் விளையாட்டில் வேம்ப் எனப்படும் கொலைஞன் ஒருவன் வருகிறான். அப்பெயர் இரத்தம் குடிக்கும் பேயைக் குறித்ததன்று, அவன் இருபாலாரையும் விழைபவன் என்பதால் அமைந்தது என விளையாட்டிற்குள்ளேயே விளக்கம் தரப்படுகிறது. விழைவே இடுகுறியாக, இடுகுறியே குற்றத்தின் அடையாளமாக ஆகிவிடும் நிலையை இதனினும் வெளிப்படையாகக் காட்டும் சான்று அரிது.

தமிழ்த் திரையில் நிலைமை வேறு. இங்கு அத்தகைய எதிர்நிலைப் பாத்திரம் உண்டு. அதற்குரிய பெயர் இல்லை. பெயரின்மை திறனாய்வாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் விளைக்கும் இடர்ப்பாடே ஈண்டு ஆராயப்படுகிறது.

சொல்லின் நிலை

'இருபால்' என்னும் தொடர் தமிழில் முன்னரே வேறு பணிகளில் அமர்ந்துவிட்டது. தாவரவியல் பாடநூல்களில் 'இருபால் மலர்' என்பது மகரந்தமும் சூலகமும் ஒருங்கே கொண்ட மலர். விலங்கியலில் மண்புழு 'இருபாலுயிரி'. கல்வித்துறையில் 'இருபாலர் கல்லூரி' என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்து பயில்வது. உறுப்பு நிலை, கூட்டு நிலை ஆகிய இவ்விரண்டையும் விலக்கி விழைவு நிலையை மட்டும் உணர்த்தவே 'ஈர்ப்பு' என்னும் சொல் சேர்க்கப்பட்டு 'இருபாலீர்ப்பு' ஆயிற்று. அச்சொல்லை விட்டு 'இருபாலர்' என்று மட்டும் மொழிபெயர்ப்போர் பாத்திரத்தின் உடலையே மாற்றிவிடுகின்றனர். ஆங்கிலச் சொல்லும் உயிரியலிலிருந்து உளவியலுக்கு வந்ததே ஆகலின், இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று.

இலக்கண மரபு இங்கு எவ்வளவு துணைபுரியும்? பேடு என்னும் பெயர்க்குத் தனி ஈறு இல்லை, ஏனைப் பால்களின் ஈற்றையே அது பெறும் என்கிறார் தொல்காப்பியர். நன்னூலார் ஒருபடி மேற்சென்று, எத்தன்மையை விட்டு எத்தன்மையை அவாவுகிறது என்பதைக் கொண்டு பேட்டினை ஆண்பாலிலும் பெண்பாலிலும் வகைசெய்கிறார். 'அவா' என்னும் சொல்லைக் கண்டு இதனைக் காம விழைவு எனக் கொள்வது பொருந்தாது. ஒருவர் எதுவாக இருக்க விரும்புகிறார் என்பதே அங்குப் பொருள். யாரை விரும்புகிறார் என்பதன்று. யாரை விரும்புகிறார் என்பதைக் கொண்டு மாந்தரை வகைசெய்யும் பெயர் மரபிலக்கணத்துள் இல்லை. அது பின்னாளில் வேறு வழியாக வந்தது.

அந்தமானும் சட்டச் சொல்லும்

அவ்வழி சட்டத்தின் வழி. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவில் 'இயற்கைக்கு மாறான' புணர்ச்சியைக் குற்றமாக்கியது. அதற்கு ஈராண்டு முன்னர், 1858இல், அந்தமானில் கைதிகளின் குடியேற்றம் தொடங்கிவிட்டது. (அதன் தலைமையிடமான போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.) ஆடவர் மிகப் பலரும் பெண்டிர் மிகச் சிலருமாக அமைந்த குடியேற்றம் அது. நன்னடத்தை காட்டிய ஆண் கைதிகள் பெண் கைதிகளை மணந்து நிலம் பெற்று வாழ ஆட்சியினரே வழிசெய்தனர். அதே ஆட்சியினர் ஆடவரிடையே நிகழும் உறவை ஒழுக்கக்கேடு எனப் பதிவுசெய்தனர்; 1919–20ஆம் ஆண்டுச் சிறைக் குழுவும் இதனை எடுத்துரைத்தது.

மொழி நோக்கில் இங்குக் குறிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மனைவியை ஊரில் விட்டு வந்தவனும், தீவில் மணம்புரியத் தகுதி பெற்றவனும், உடன் கைதியோடு உறவு கொண்டவனும் ஒரே ஆளாக இருத்தல் கூடும். ஆயின் ஆவணம் அவனை ஒருங்கே காண்பதில்லை. திருமணப் பதிவில் அவன் கணவன். தண்டனைப் பதிவில் குற்றவாளி. முன்னதில் விழைவு இயல்பாகையால் பெயர் பெறவில்லை. பின்னதிலோ குற்றமாகிப் பெயர் பெற்றுவிட்டது. இரண்டையும் இணைக்கும் 'உம்' எங்கும் எழுதப்படவில்லை.

அந்தமான் சிறையைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்த 'சிறைச்சாலை' (1996) இவ்வாவணங்களின் வழி நடப்பதன்று. பிரியதர்ஷன் இயக்கத்தில் மலையாளத்தில் 'காலாபானி'யாக வெளிவந்த அப்படத்தில் அம்ரீஷ் புரி ஏற்ற மிர்சா கான் பாத்திரத்தின் கொடுமை அவனது பதவியிலிருந்து பிறக்கிறது. அயலாட்சிக்கு ஏவல்புரியும் உள்நாட்டான் என்பதே பார்வையாளரின் வெறுப்புக்குப் போதுமான காரணம். விழைவைத் துணைக்கழையாமலே ஒரு தீயோனை முழுமையாகப் படைக்க இயலும் என்பதற்காக மட்டும் அப்படம் இங்கு நினைக்கப்படுகிறது.

வினையும் பெயரும்

பத்தாண்டுகள் கழித்து வந்த 'வேட்டையாடு விளையாடு' (2006) வேறு வழி செல்கிறது. கௌதம் மேனன் இயக்கிய இப்படத்தின் கொலைஞர் இளமாறனும் அமுதனும் மருத்துவம் பயின்றவர்கள். பெண்களை வன்புணர்ந்து கொல்பவர்கள். காவல் அதிகாரி இராகவன் அவர்களை நோக்கி, இருவரும் ஓரினச் சேர்க்கையாளரா என்று வினவும் இடம் பெரிதும் பேசப்பட்டது.

அவ்வினாவின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. பெண்கள்பால் இவர்கள் இழைப்பவை அனைத்தும் வினைகளாகக் காட்டப்படுகின்றன: தொடர்கின்றனர், கடத்துகின்றனர், கொல்கின்றனர். தமக்குள் கொண்ட நெருக்கமோ ஒரு வினையாகவும் விரிக்கப்படாமல், வினாவேற்ற ஒரு பெயர்ப் பயனிலையாக மட்டும் வருகிறது. வினை ஒருவர் செய்ததைச் சொல்லும். பெயர் அவர் இன்னார் என்று அறுதியிடும். வன்புணர்ச்சி செயலாக நிற்க, ஆடவர் நட்பு இயல்பாக நிலைபெறுகிறது. அவ்வியல்பே அச்செயலுக்கு விளக்கம் என்று பார்வையாளர் தாமே முடித்துக்கொள்கின்றனர். தருக்க முறையில் இவ்விளக்கம் நில்லாது. ஓரினத்தை மட்டும் விழைபவர் என்னும் பெயர், பெண்களைத் தேடிச் செல்லும் கொலைஞர்க்கு எங்ஙனம் பொருந்தும்? பொருந்தும் பெயர் ஒன்று வேண்டுமாயின் அது இருபாலீர்ப்பு. அதுவும் கொலையை விளக்காது. வினா விடையை எதிர்பார்ப்பதன்று, இழிவுபடுத்துவதே அதன் பணி. ஆகவே படம் இம்முரணைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை. கதைநாயகன் வாயிலிருந்து வருவதால் அரங்கில் அதற்குக் கைதட்டலும் கிடைத்துவிடுகிறது.

மாலிக் காபூர்

2018இல் இந்தியில் வெளிவந்து தமிழிலும் குரல்மாற்றம் பெற்ற 'பத்மாவத்' படத்தில் அலாவுதீன் கில்ஜிக்கு மனைவி உண்டு. பத்மாவதிமீது தீரா வேட்கை உண்டு. நிழல்போல் தொடரும் மாலிக் காபூரும் உண்டு. 1311இல் மதுரை வரை படை நடத்தி வந்த அதே காபூர்தான் இவன். தமிழ் வரலாற்று நூல்களில் கொள்ளையிட்ட தளபதியாக மட்டும் அறியப்பட்டவன், இங்குக் காதல் பாடல் பெற்ற பணியாளனாகிறான்.

இச்சித்திரிப்பின் வேர் ஜாயசியின் காப்பியத்தில் இல்லை. பரணியின் வரலாற்றில் உள்ளது. காபூரோடு உடன்காலத்தவரான அமீர் குஸ்ரு தென்னாட்டுப் படையெடுப்பைப் போற்றி எழுதியவர். காபூர் அவர்க்குத் திறன்மிக்க தளபதி. 1316இல் சுல்தானும் காபூரும் மறைந்து நாற்பதாண்டு கழிந்தபின் எழுதிய பரணியோ, சுல்தான் காபூர்மேல் மயங்கியதை ஆட்சிச் சீர்குலைவோடு இணைக்கிறார். அவரது எழுத்தில் விழைவு ஒரு செய்தியாக நில்லாமல் காரணமாகிறது. படம் பரணியின் காரணத்தை எடுத்துக்கொண்டு குஸ்ருவின் தளபதியைக் கைவிட்டது. மதுரையை அறிந்த தமிழ்ப் பார்வையாளர்க்கு இவ்விடுபாடு மற்றவரினும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்துக் காவல் அதிகாரி பெர்லினை இவ்வரிசையில் சேர்ப்போர் உளர். திருநங்கை ஷில்பாவையும் வேம்புவையும் ஒருங்கே துன்புறுத்துவதால் அவன் இருபாலாரை விழைபவன் என்பர். இது பிழை. ஷில்பாவை ஆணாகக் கணக்கிட்டாலன்றி இம்முடிவு எய்தவியலாது. அவ்வாறு கணக்கிடுவதே ஷில்பா படம் முழுதும் எதிர்கொள்ளும் இழிவு. பெர்லினின் தீமை சீருடையினது. அவ்வகையில் அவன் மிர்சா கானுக்கே நெருங்கிய உறவு.

மொழிபெயர்ப்பாளர் முன் உள்ளவை

377ஆம் பிரிவு, உடன்பட்ட வயதுவந்தோரைப் பொறுத்தமட்டில், 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலையொட்டித் தமிழ்நாடு அரசு 2022இல் இத்துறைக்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. எனவே சொல் இல்லை என்னும் காரணம் இனிச் சொல்லுதற்கில்லை. ஆயினும் புதிய சொல்லைப் பழைய உரையாடலில் பெய்வது பிறிதொரு பிழையாகும். இராகவனின் வினாவுக்குத் துணையுரை எழுதுவோர் மதிப்பார்ந்த அரசுச் சொல்லை இட்டால், வசை தகவல் கேட்பதாகத் தோன்றும். பாத்திரத்தின் வன்மம் மறையும். ஆங்கிலத்தில் கடுமையான வசைச்சொல்லை இட்டால், மூலத்தில் பாதி மருத்துவச் சொல்லாகவும் பாதி ஏளனமாகவும் ஒலிக்கும் கடன்சொல்லின் ஈரடித்தன்மை கெடும். மூலத்தின் ஏளனத்தை ஏளனமாகவே காத்து, பெயரைப் பெயராகவே நிறுத்தி, திறனாய்வுக் குறிப்பில் மட்டும் 'இருபாலீர்ப்பு' என்னும் சொல்லை ஆள்வதே ஏற்புடையது.

அந்தமான் தீவுகளில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ ஏழில் ஒருவர் தமிழர். தீவுகளின் பொதுமொழி இந்தி. கில்ஜியை இந்தியிலும் தமிழிலும் கேட்டு ஒப்பிடும் வாய்ப்பு அவர்க்கு எளிதில் உண்டு. குரல்மாற்றம் பற்றிய கள ஆய்வு மேற்கொள்வோர் அங்கிருந்து தொடங்கலாம்.