விருதுப் பட்டியலில் அபுனைவின் இடம்

2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலுக்கு அறிவிக்கப்பட்டபோது, வாழ்த்துகளோடு கொஞ்சம் வியப்பும் கலந்திருந்தது. ஆவணங்களைத் தேடி எழுதிய ஒரு வரலாற்று ஆய்வுக்குத் தமிழில் இந்த விருதா என்பதே அந்த வியப்பு. 1955இல் தொடங்கும் பட்டியலை வரிசையாகப் படித்துப் பார்த்தால் அதற்கான காரணம் விளங்கும்.

தமிழுக்குக் கிடைத்த முதல் அகாதெமி விருதே அபுனைவுக்குத்தான்: ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழ் இன்பம்’ என்ற கட்டுரைத் தொகுப்பு. 1962இல் மீ.ப. சோமுவின் பயண நூலான ‘அக்கரைச் சீமையிலே’ பரிசு பெற்றது. 1965இல் பி.ஸ்ரீ. எழுதிய இராமானுஜர் வரலாறு, மறு ஆண்டு ம.பொ.சி.யின் ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’, அதற்கடுத்து கி.வா.ஜ.வின் ‘வீரர் உலகம்’ என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அபுனைவே வென்றது. எண்பதுகள்தான் உச்சம். 1981 முதல் 1989 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் ஏழு விருதுகள் கட்டுரைக்கும் திறனாய்வுக்கும் தன்வரலாற்றுக்கும் போயின. பி.எஸ். ராமையாவின் ‘மணிக்கொடி காலம்’, தொ.மு.சி. ரகுநாதனின் ‘பாரதி: காலமும் கருத்தும்’, க.நா.சு.வின் ‘இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்’, லா.ச.ரா.வின் ‘சிந்தாநதி’ எல்லாம் அந்தக் காலத்தவை.

பிறகு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிக்கொண்டது. 1990 முதல் 2023 வரை முப்பத்து நான்கு ஆண்டுகள். அவற்றில் அபுனைவுக்குக் கிடைத்தவை இரண்டே. 2000இல் தி.க.சி.யின் ‘விமர்சனங்கள், மதிப்புரைகள், பேட்டிகள்’, 2015இல் ஆ. மாதவனின் ‘இலக்கியச் சுவடுகள்’. மற்ற ஆண்டுகளில் நாவலும் சிறுகதையும் கவிதையுமே பரிசு பெற்றன. அவற்றில் பல தமிழின் பெருமைக்குரிய படைப்புகள். அவற்றைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் இதே முப்பது, நாற்பது ஆண்டுகளில்தான் தமிழ் அபுனைவு அகலமாகவும் ஆழமாகவும் வளர்ந்தது. தொ. பரமசிவனின் பண்பாட்டு ஆய்வுகளும், ஆ. சிவசுப்பிரமணியனின் அடித்தள மக்கள் வரலாறும், தியடோர் பாஸ்கரனின் சூழலியல், திரைப்படக் கட்டுரைகளும் இந்தக் காலத்தில் பரவலாக வாசிக்கப்பட்டவை. இவர்களில் ஒருவர் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. முந்தைய தலைமுறையின் மயிலை சீனி. வேங்கடசாமி, நா. வானமாமலை, ஏ.கே. செட்டியார் ஆகியோர் பெயர்களும் இல்லை.

பட்டியலை இன்னும் கூர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. பரிசு பெற்ற அபுனைவு நூல்களில் மிகப் பெரும்பாலானவை இலக்கியத்தைப் பற்றிய இலக்கியம். திருக்குறள், கம்பன், பாரதி, புதுக்கவிதை, உரைநடை என்ற வட்டத்தைத் தாண்டியவை மிகச் சில. போதாதென்று, புனைவில் பெயர்பெற்ற ஒருவருக்குக் கட்டுரை நூலின் வழியாக விருது போய்ச் சேர்ந்ததும் உண்டு. லா.ச.ரா.வும் ஆ. மாதவனும் அப்படித்தான். இருவருக்கும் எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய மரியாதை அது. ஆனாலும் அதை அபுனைவு என்ற வகைமைக்குக் கிடைத்த மரியாதையாக எண்ண என்னால் முடியவில்லை. ஒரு வரலாற்றாசிரியர் தம் துறை ஆய்வுக்காகவே பரிசு பெற்றார் என்பதுதான் 2024இன் தனித்தன்மை. வேங்கடாசலபதி தொகுத்த ‘வ.உ.சி. கடிதங்கள்’ 1984இல் வந்தது. ஒரே மனிதரைப் பற்றிய நாற்பது ஆண்டுத் தேடல், 1908 மார்ச் 13ஆம் நாள் நெல்லையில் வெடித்த எழுச்சியை ஆராயும் நூலாகத் திரண்டிருக்கிறது.

இந்தக் கால அளவுதான் சிக்கலின் மையம். அகாதெமி விருதுக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் முதன்முதலாக வெளியான நூல்களே கணக்கில் வரும்; 2024 விருதுக்கு அது 2018 முதல் 2022 வரை. பதினைந்து ஆண்டு கள ஆய்வில் உருவான நூல் சில நூறு படிகள் அச்சாகி, மதிப்புரை வந்து, துறைசார்ந்தவர் கையில் சேர்வதற்குள் அந்த ஐந்தாண்டு ஓடிவிடும். திருத்திய பதிப்பில்தான் நூல் முழுமை பெற்றது என்றாலும் அது கணக்கில் வராது. நடுவர் மூவரும் பெரும்பாலும் கவிஞர்கள், நாவலாசிரியர்கள், தமிழ்ப் பேராசிரியர்கள். நாவலையும் கல்வெட்டு ஆய்வையும் ஒரே மேசையில் வைத்து எடைபோடும்போது, முதல் வாசிப்பிலேயே மனத்தைத் தொடுவது முந்திக்கொள்கிறது. சான்றுகளின் வலிமையை எடைபோட அந்தத் துறை தெரிந்தவர் ஒருவராவது வேண்டும்.

தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் சிறந்த நூல் பரிசுத் திட்டம் இதற்கு நேரெதிர். அதன் 33 வகைப்பாடுகளில் கவிதை, புதினம், சிறுகதை, நாடகம் போக மீதி பெரும்பாலும் அபுனைவே. வாழ்க்கை வரலாறு, நாட்டு வரலாறு, கல்வெட்டு, மானிடவியல், பொருளியல், வேளாண்மை, மருத்துவம், சுற்றுப்புறவியல் என்று பல துறைகளுக்கும் இடம் உண்டு. எழுத்தாளர் தாமே விண்ணப்பிக்கலாம். பதிப்பகத்துக்கும் பரிசுத்தொகை உண்டு. அமைப்பளவில் இதைவிடத் தாராளமான திட்டம் அமைவது அரிது. ஆனால் பரிசு பெற்ற நூல் எது, ஏன் தேர்வானது என்ற செய்தி வாசகருக்கு எட்டுவதில்லை. நடுவர் குறிப்பு ஒரு பக்கம் வெளியானால்கூட நூலகமும் கல்லூரியும் அந்த நூலைத் தேடும். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அபுனைவுக்கென்றே தனிப் பரிசு வழங்குவது நல்ல முன்மாதிரி.

தமிழுக்கு வெளியே ஒரு வழியும் திறந்திருக்கிறது. 2018இல் தொடங்கிய கமலாதேவி சட்டோபாத்யாய் பரிசு, நவீன இந்தியா பற்றிய அபுனைவுக்கு 15 லட்சம் ரூபாய் வழங்குகிறது. 2022இல் அதைப் பெற்றது இந்தியில் சேகர் பாடக் எழுதி ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்ட சிப்கோ இயக்க வரலாறு. அப்பரிசை நடத்தும் நியூ இந்தியா அறக்கட்டளையின் மொழிபெயர்ப்பு நல்கைக்குரிய மொழிகளில் தமிழும் ஒன்று. இந்தி நூலால் முடிந்தது தமிழ் நூலாலும் முடியும்.

நூல்கள் தாமாகப் போய்ச் சேரா, அனுப்பத்தான் வேண்டும். பதிப்பாளர்கள் காகிதச் செலவுக்கு அஞ்சி அடிக்குறிப்பையும் துணைநூற் பட்டியலையும் பொருளடைவையும் வெட்டாதிருக்க வேண்டும். அபுனைவை மதிப்பிடும் நடுவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான். பதிப்பு விவரப் பக்கத்தில் முதற்பதிப்பின் ஆண்டு தெளிவாக இருக்க வேண்டும். கேட்கும் படிகளைத் தயங்காமல் அனுப்ப வேண்டும். பரிசு அமைப்புகளிடம் கேட்பது ஒன்றுதான்: நடுவர் குழுவில் ஒரு வரலாற்றாசிரியரையோ சமூகவியலாளரையோ அறிவியல் எழுத்தாளரையோ ஆண்டுதோறும் அமர்த்துங்கள். அடுத்த வரலாற்று நூலுக்கு இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வைக்காதீர்கள்.