துடுப்புப் பிடிக்கும் சிநேகிதர்

ஆர்க்கன்ஸாஸ் மாநிலத்து ஓஸார்க் மலைகளினூடே ஓடும் பஃபலோ நதியில், ரெட்பட் மரங்கள் இலை விடுமுன்பே செந்நீலமாய்ப் பூத்து நிற்கும் வசந்த காலத்தில், தோணியை நீரோட்டத்தின் போக்கில் விட்டு ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடச் செல்வோர், மீனையும் அதைப் பிடித்தவரையும் புகழ்வார்களே தவிர, பின்முனையில் அமர்ந்து துடுப்புப் பிடிக்கும் சிநேகிதரின் சாமர்த்தியத்தை எண்ணிப் பார்ப்பது அபூர்வம். பாறையின் மறைவில் நீர் தயங்கிச் சுழலும் இடத்தைத் தூரத்திலேயே கண்டுகொண்டு, துடுப்பை நீரைவிட்டு எடுக்காமலே மணிக்கட்டை இலேசாகத் திருப்பி, பிரவாகத்தின் வேகத்துக்கு இடங்கொடாமல் தோணியை அடக்கி, தூண்டில் வீச ஏற்ற கோணத்தில் என் சிநேகிதர் அதை நிறுத்தித் தருகையில், மரத்தில் மரம் இடிக்கும் சப்தம் ஒருபோதும் எழுவதில்லை. தெளிந்த நீரில் அந்த ஒரு சப்தமே மீனைக் கலைத்துவிடப் போதும்.

அந்த நிதானத்தின் பலனை முன்னால் இருப்பவனின் விரல்கள் அனுபவிக்கின்றன. நன்னீர் இறாலைப் போலச் செய்த பொய் இரை கூழாங்கற்களில் தட்டித் தட்டி நகரும் ஸ்பரிசம், வீணைத் தந்தியின் அதிர்வைப் போல தூண்டில் நரம்பின் வழியே கைக்கு வந்துகொண்டிருக்க, சட்டென்று அது கனத்து, செங்கண்ணும் வெண்கல மேனியும் கரும்பட்டைகளும் கொண்ட மீன் நீரைக் கிழித்துத் துள்ளுகிறது. சரளைக்கல் பள்ளத்தில் ஆண் மீன் முட்டைகளைக் காத்து நிற்கும் பருவமாதலால், அத்தகைய இடங்களைக் கண்டால் சிநேகிதர் சொல்லாமலே தோணியை விலக்கிவிடுகிறார். மீன் கிடைப்பது பாக்கியம்; அதற்கு வழி செய்யும் துடுப்போ வித்தை; இரண்டில் வித்தையையே நான் முதலில் போற்றுவேன்.