ஆர்வெல் கண்ட விகன்

இங்கிலாந்தின் வடமேற்கில், லிவர்பூல், மான்செஸ்டர் என்னும் இரு பெருநகரங்களுக்கு நடுவே அமைந்த ஊர் விகன். நிலக்கரியும் பஞ்சாலையும் அதனை வாழ்வித்தன. அதன் சுற்றுப்புறத்துப் பெருஞ்சுரங்கங்களுள் எஞ்சியிருந்த பிக்கர்ஷாவும் 1992இல் மூடப்பட்டது. ஆயினும் உலகம் அவ்வூரை அறிந்திருப்பது ஒரு நூலின் பெயராலேயே. ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளியிட்ட ‘விகன் பியருக்குச் செல்லும் பாதை’ என்னும் அந்நூலை மீண்டும் ஒருமுறை பயின்றபோது எழுந்த எண்ணங்களை ஈண்டு முன்வைக்கிறோம்.

தலைப்பே ஒரு நகைச்சுவை. கடற்கரையூர்களில் மக்கள் உலாவுதற்கெனக் கடலுக்குள் நீண்டு செல்லும் மேடையைப் ‘பியர்’ என்பர். விகனில் கடலேது? கால்வாயோரம் கரியைப் படகில் கொட்டுவதற்கென இருந்த சிறு மேடைக்கு அப்பெயரைச் சூட்டி மேடைக் கலைஞர்கள் நகையாடினர். 1936இல் ஆர்வெல் சென்று தேடியபோது அதுவும் இடிக்கப்பட்டிருந்தது.

நூலின் உயிர் சுரங்கத்தைப் பற்றிய பகுதிகளில் இருக்கிறது. நெடிய உருவினரான ஆர்வெல் குனிந்தும் தவழ்ந்தும் கரிமுகப்பை அடைந்தார். இறங்குகுழியிலிருந்து அவ்விடம் செல்ல ஒரு மைல், சில சுரங்கங்களில் மூன்று மைல்கூட நடக்க வேண்டும். அந்நடைக்குக் கூலியில்லை என்பதை அவர் தம் முழங்கால் வலியோடு சேர்த்தே உரைக்கிறார். கூலிச் சீட்டை வாங்கிப் பார்க்கிறார். விளக்கு வாடகைக்கென ஒரு பிடித்தம். கருவி தீட்டுவதற்கென மற்றொன்று. இறந்த தோழரின் கைம்பெண்ணுக்காகப் பிடிக்கும் ஒரு ஷில்லிங்கைக் குறிக்க இரப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தனர். சாவு அத்துணை வழக்கமானது! ஒரு முத்திரையில் இவ்வளவையும் காண வல்ல கண் எழுத்தாளருள் மிகச் சிலருக்கே வாய்க்கும்.

அத்தகைய கண்ணே ஓரிடத்தில் நம்மை உறுத்துகிறது. நூலில் பெரிதும் பேசப்படும் காட்சி அது. ஊரைவிட்டு அகலும் இரயிலிலிருந்து, அடைபட்ட கழிவுநீர்க் குழாயைக் குச்சியால் குத்திக்கொண்டு மண்டியிட்டிருக்கும் இளம்பெண் ஒருத்தியைக் காண்கிறார். வறியோர் பழகிப்போனவர், நம்மைப்போல் துன்புறார் என்னும் நம் சொகுசான பொய்யை அவள் முகம் உடைத்தெறிகிறது என எழுதுகிறார். கருத்தில் பிழையில்லை, அதற்காகவே அப்பக்கத்தைப் பலர் நினைவில் வைத்துள்ளனர். ஆனால் அவருடைய நாட்குறிப்பு 1968இல் அச்சேறியபோது வேறொன்று புலனாயிற்று. அவர் அவளைக் கண்டது இரயிலிலிருந்து அன்று. ஓர் அழுக்கடைந்த சந்தில் நடந்து செல்கையில். அங்கே அவள் நிமிர்ந்தாள். இருவர் கண்களும் சந்தித்தன. நூலிலோ, கண்கள் ஏறத்தாழச் சந்திக்குமளவு அண்மையில் இருந்ததாக மட்டுமே காண்கிறோம்.

கலைஞனுக்கு இவ்வுரிமை உண்டென்பர் திறனாய்வாளர் சிலர். புனைகதையாயின் நாமும் இசைவோம். கண்டதைக் கண்டவாறு கூறும் சான்றாக முன்வைக்கப்பட்ட நூலில் இம்மாற்றம் சிறிதன்று. சந்தில் நிற்பவன் குனிந்து குச்சியைப் பிடிக்கலாம். அன்றேல் கடந்து செல்லலாம். எதைச் செய்யினும் அதற்கு அவன் பொறுப்பு. இரயிலில் அமர்ந்திருப்பவனை வண்டி கொண்டு போய்விடுகிறது. ஆர்வெல் பொய்யுரைக்க எண்ணினார் என நாம் கருதவில்லை. எனினும் தம் கால்களை அவர் அக்காட்சியிலிருந்து எடுத்துவிட்டார். அவளுக்கும் அவருக்கும் இடையே ஒரு கண்ணாடி வந்து நின்றுவிட்டது.

இதே விரைவு வேறோரிடத்திலும் உண்டு. நூலின் இரண்டாம் பகுதியில் கத்தோலிக்க எழுத்தாளரைக் கடுமையாக எள்ளும் ஆர்வெல் (அவ்வெள்ளலில் பாதி நியாயமே), லங்காஷயரின் கத்தோலிக்கத் தொழிலாளர் இல்லங்களில் சுவரில் பாடுபட்ட சுரூபமும் மேசைமேல் பொதுவுடைமை நாளேடான ‘டெய்லி ஒர்க்கர்’ இதழும் இருப்பதைக் குறிக்கிறார். கொள்கை முரண்பாடு உழைப்பாளியை வருத்துவதில்லை என்பதற்கு அதனை எடுத்துக்காட்டாக்கி அப்பால் செல்கிறார். அச்சுரூபம் வெறும் சுவரணியன்று. அம்மண்ணில் பிறந்த குரு எட்மண்ட் ஆரோஸ்மித் தம் குருத்துவத்திற்காக 1628இல் லங்காஸ்டரில் கொல்லப்பட்டார். விகனை அடுத்த ஆஷ்டனில் அவருடைய கை இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. மறைந்து மறைந்து காத்த விசுவாசத்தின் பேரர்கள் கூலி உயர்வு கேட்கும் ஏட்டையும் அதே அறையில் வைத்திருந்தார்கள். இரண்டும் அவர்களுக்கு எவ்வாறு ஒன்றாயின என்று அம்மேசையருகே அமர்ந்து ஆர்வெல் வினவியிருப்பாராயின், நூலின் இரண்டாம் பகுதி வேறாக அமைந்திருக்கும்.