மூளையின் விஞ்ஞானமும் பொதுமக்களும்

மனித மூளையைப் பற்றியும் மனிதர் நடந்துகொள்ளும் விதங்களைப் பற்றியும் ஆராய்ச்சிச் சாலைகளில் கண்டறியப்படும் விஷயங்களை, அந்தச் சாஸ்திரத்தில் பயிற்சி பெறாத பொதுமக்களும் படித்து விளங்கிக்கொள்ளும்படி எழுதுகின்ற வழக்கம், கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு தனித்த எழுத்துத் துறையாகவே வளர்ந்துவிட்டது. 1985-இல் ஆலிவர் சாக்ஸ் வெளியிட்ட நோயாளிகளின் சரிதங்கள் முதல் 2011-இல் டேனியல் கானமன் எழுதிய சிந்தனை முறைகளைப் பற்றிய பெருநூல் வரையில், இத்துறை நூல்கள் உலகெங்கும் ஆவலோடு படிக்கப்பட்டிருக்கின்றன. இவ்வழக்கத்தைக் குறித்துக் கற்றவர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. எளிமையாக்கப்பட்ட மாத்திரத்தில் விஞ்ஞானம் தன் மெய்ம்மையை இழந்துவிடுகிறது என்று ஒரு சாராரும், எவ்விதமாகவேனும் மக்களிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று மற்றொரு சாராரும் கருதுகிறார்கள். இவ்விரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. எளிமையில் குற்றம் ஏதும் இல்லை. ஒரு முடிவை, அது எவ்வாறு, எத்தனை பேரிடத்தில், எந்த எல்லைக்குள் கண்டறியப்பட்டது என்பதிலிருந்து அறுத்தெடுத்து ஊருக்கு அறிவிப்பதும், பிற்காலத்தில் அம்முடிவு தளர்ந்தபோது திரும்பி வந்து அதைச் சொல்லாமல் இருந்துவிடுவதுமே இத்துறையின் மெய்யான குறைகள் என்று நான் எண்ணுகிறேன்.

நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கு வெளிநாட்டு உதாரணங்களைத் தேட வேண்டியதில்லை. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், சுற்றி நிற்பவர்களில் யாரேனும் ஓர் இரும்புச் சாவிக்கொத்தை அவர் கையில் திணிப்பதை இன்றும் காணலாம். வலிப்பு பெரும்பாலும் ஓரிரண்டு நிமிஷங்களில் தானாகவே அடங்கிவிடுவதால், சாவி கொடுத்தவருக்குத் தம் வைத்தியம் பலித்துவிட்டதாகவே தோன்றுகிறது. கண்ணாரக் கண்டதை அவர் எதற்காகச் சந்தேகிக்கப் போகிறார்? மூளையின் நரம்பணுக்கள் கட்டுமீறி ஒருங்கே மின்துடிப்பை வெளிப்படுத்துவதே வலிப்பு என்பதையும், விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதேனும் வைத்து, ஐந்து நிமிஷங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் ஒரு தினத்தாளின் அரைப் பக்கத்தில் தெளிவாக எழுதிவிடலாம். அந்த அரைப் பக்கம் காப்பது உயிரை மட்டுமன்று. சாபம் என்றும் பேய் என்றும் சொல்லி ஒரு பெண்ணின் விவாகத்தைத் தடுத்துவந்த இழிவையும் அது போக்குகிறது. கை கால் ஒரு பக்கம் விழுந்து பேச்சுக் குழறியவுடன் விரைந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்படும் மருந்தினால் மூளையின் ரத்த அடைப்பைக் கரைக்க வாய்ப்பு உண்டு என்ற செய்தியும் இவ்வாறே குடும்பங்களைக் காப்பாற்றுகிறது. இங்கே எளிமை முழு நன்மையே செய்கிறது.

மனத்தின் இயல்பையும் மனிதரின் நடத்தையையும் விளக்கப் புகும்போதுதான் பாதை கடினமாகிறது. இதன் ஏற்றத்தையும் வழுக்கலையும் ஒருங்கே காட்டுவதற்கு, தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் ஆராய்ச்சி நடத்திய வி. எஸ். ராமச்சந்திரனைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் எனக்குத் தென்படவில்லை. கையை இழந்தவர்களுக்கு, இல்லாத அக்கை இருப்பதுபோலவே உணர்ச்சி தோன்றுவதும், சிலருக்கு அந்த மாயக் கை இறுக மூடிக்கொண்டு, நகங்கள் உள்ளங்கையில் பதிவதுபோன்ற வேதனையைத் தருவதும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. விபத்தில் கையை இழந்த ஓர் இளைஞனின் கண்களைக் கட்டிவிட்டு, நுனியில் பஞ்சு சுற்றிய ஒரு குச்சியால் அவன் கன்னத்தை ராமச்சந்திரன் தொட்டார். அவ்விளைஞன், கன்னத்தில் தொடுவது தெரிகிறது, இழந்த கையின் கட்டைவிரலிலும் தெரிகிறது என்றான். மூளையின் மேற்பரப்பில் உடலின் உணர்ச்சிப் படம் ஒன்று விரிந்திருப்பதையும், அதில் கைக்குரிய பகுதிக்கு அடுத்தே முகத்துக்குரிய பகுதி அமைந்திருப்பதையும் மாண்ட்ரீல் நகரத்து அறுவை நிபுணர் பென்ஃபீல்டு முன்னரே காட்டியிருந்தார். கையிலிருந்து செய்தி வருவது நின்றதனால், அந்த வெற்றிடத்தை முகத்தின் செய்திகள் ஆக்கிரமித்துக்கொண்டன என்பது ராமச்சந்திரனின் ஊகம்.

பின்னர் அவர் மூடியில்லாத ஒரு பெட்டியின் நடுவே ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தினார். நோயாளி தம் நல்ல கையை ஒரு பக்கத்தில் நுழைத்துக் கண்ணாடியைப் பார்த்தபோது, இழந்த கை இருக்க வேண்டிய இடத்திலேயே ஒரு கை தோன்றியது. நல்ல கையை மெல்ல விரிக்கவே மாயக் கையும் விரிந்தது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வாட்டிய இறுக்கம் அக்கணமே தளர்ந்தது. இந்த விஷயங்களை அவர் சாண்ட்ரா பிளேக்ஸ்லீ என்னும் பத்திரிகை எழுத்தாளருடன் சேர்ந்து 1998-இல் ஒரு நூலாக எழுதினார். அந்நூலைப் படிப்பவர் முடிவை மட்டும் பெறுவதில்லை. பஞ்சையும் கண்ணாடியையும் கண்ணால் காண்கிறார்; வைத்தியர் எந்தக் கேள்வியைக் கேட்டார், என்ன விடை வந்தால் ஊகம் பொய்யாகியிருக்கும் என்பதைப் பின்தொடர்கிறார்; விரும்பினால் ஒரு முகக்கண்ணாடியை மேஜைமேல் நிறுத்தித் தம் கையைக் கொண்டே அந்த மயக்கத்தை அனுபவித்தும் பார்க்கிறார். ஜனங்களுக்கு விஞ்ஞானம் சொல்வதில் இதைவிட உயர்ந்த முறையை நான் அறியேன். 2007-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில், காலை இழந்த போர்வீரர்களில் சிலருக்குக் கண்ணாடியையும், சிலருக்குத் திரையிட்டு மூடிய கண்ணாடியையும் கொடுத்துச் சோதித்தபோது, கண்ணாடியைப் பார்த்துப் பயின்றவர்களுக்கே வலி தெளிவாகக் குறைந்தது. பங்குபெற்றவர்கள் 22 பேர் மட்டுமே என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். அன்றியும், மாயவலி மிகுந்தவர்களின் மூளையில் இழந்த கைக்குரிய பகுதி அழியாமல் நிலைத்திருப்பதாக 2013-இல் வெளிவந்த ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு காட்டியதனால், முகம் வந்து ஆக்கிரமிப்பதே வலிக்குக் காரணம் என்ற விளக்கம் இப்போது விவாதத்தில் இருக்கிறது. முதல் நூலில் சோதனை முறையை அறிந்துகொண்ட வாசகர் இந்தத் திருத்தத்தைக் கேட்டு ஏமாற்றம் அடைவதில்லை. அடுத்த அத்தியாயம் வந்ததாகவே அவர் கொள்கிறார்.

அதே அறிஞர் கண்ணாடி நரம்பணுக்களைப் பற்றிப் பேசியபோது இந்த நிதானம் அவரைவிட்டு விலகியது. இத்தாலியின் பார்மா நகரத்தில் ரிட்சோலாட்டி குழுவினர், தான் ஒரு பொருளைப் பற்றும்போதும் பிறர் பற்றுவதைப் பார்க்கும்போதும் ஒருங்கே துடிக்கும் சில நரம்பணுக்களை மகாக் இனக் குரங்கின் மூளையில் கண்டு, 1992-இல் வெளியிட்டிருந்தார்கள். உயிரியலில் டி.என்.ஏ. நிகழ்த்திய புரட்சியை உளவியலில் இந்த நரம்பணுக்கள் நிகழ்த்தும் என்று 2000-ஆம் ஆண்டில் ராமச்சந்திரன் எழுதினார். மொழி, கருணை, நாகரிகத்தின் வளர்ச்சி ஆகிய அனைத்துக்கும் இவற்றில் வித்து இருப்பதாகப் பின்னர்ப் பேசிய அவர், காந்தியடிகளின் பெயரையே இவற்றுக்குச் சூட்டினார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்த நரம்பணுக்கள் பழுதுற்றிருக்கின்றன என்ற கருத்தும் பரவியது. குரங்கின் கைப்பிடியிலிருந்து மகானின் கருணை வரையில் எத்தனை படிகள் சோதிக்கப்படாமல் கிடந்தன என்பதைக் கேட்டவர்கள் அறிய வழியில்லை. 2014-இல் கிரிகரி ஹிக்கோக் என்னும் விஞ்ஞானி இக்கூற்றுகளை மறுத்து ஒரு முழு நூலே எழுதினார். ஆட்டிசத்தைப் பற்றிய கருத்துக்கும் பிற்காலச் சோதனைகள் உறுதியான ஆதரவு தரவில்லை. ஒரு காலத்தில் தாயின் அன்புக்குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பழிசுமத்தப்பட்ட பெற்றோர்களுக்கு, தம் குழந்தையிடம் பிறரை உணரும் கருவியே பழுது என்று சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை என்பதை எண்ணும்போது, அத்தனை அவசரம் வேண்டியிருந்ததா என்று என் மனம் வருந்துகிறது.

மூளை என்ற பெயரை எடுத்த மாத்திரத்தில் நம் விமரிசன புத்தி சற்றுத் தளர்ந்துவிடுகிறது என்பதும் சோதிக்கப்பட்ட விஷயமே. யேல் சர்வகலாசாலையில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், மனித நடத்தையைப் பற்றிய சில விளக்கங்களோடு, விஷயத்துக்குத் தொடர்பே இல்லாத மூளைச் செய்தி ஒரு வாக்கியம் சேர்க்கப்பட்டது. பொதுமக்களும், மூளை விஞ்ஞானப் பாடம் பயின்றுகொண்டிருந்த மாணவர்களும்கூட, அவ்வாக்கியம் சேர்ந்த பிழையான விளக்கங்களை மேலானவையாக மதித்தார்கள்; துறையில் தேர்ந்தவர்கள் மட்டுமே மயங்கவில்லை. அரைகுறைப் பயிற்சி நமக்கு அரணாகாது என்பதை ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் இதிலிருந்து உணர வேண்டும்.

நடத்தை ஆராய்ச்சியில் இக்குறை விளைத்த தீங்குக்கு, மிட்டாய்ச் சோதனை என்று பலர் அறிந்திருக்கும் வால்டர் மிஷலின் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் குழந்தைப் பள்ளியில், ஒரு குழந்தையின் முன்னே ஒரு தின்பண்டத்தை வைத்து, நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். அதிக நேரம் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் தேர்வுகளில் மேம்பட்டதாக 1990-இல் வெளியிடப்பட்ட செய்தி, தன்னடக்கமே வாழ்க்கை வெற்றியின் ரகசியம் என்ற உபதேசமாக மாறி, பெற்றோர் கூட்டங்களிலும் தன்முன்னேற்ற நூல்களிலும் பரவியது. அக்குழந்தைகளில் பெரும்பாலோர் அந்தச் சர்வகலாசாலையைச் சார்ந்த குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பதை உபதேசம் செய்தவர்கள் சொல்லவில்லை. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட குழந்தைகளைக் கொண்டு இது மறுபடி ஆராயப்பட்டபோது, தொடர்பு பாதியளவே காணப்பட்டது; குடும்பத்தின் நிலையையும் குழந்தையின் ஆரம்பகாலச் சூழலையும் கணக்கில் சேர்த்தபோது அதிலும் பெரும்பகுதி மறைந்தது.

இதற்கு முன்னரே, 2013-இல், ராச்செஸ்டர் சர்வகலாசாலையில் 28 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஒரு சிறு சோதனை பிரசுரமாகியிருந்தது. இதை மிகவும் முக்கியமானதாக நான் கருதுகிறேன். தின்பண்டத்தை வைப்பதற்கு முன்னால், நல்ல வர்ணக்குச்சிகள் கொண்டுவருவதாகக் குழந்தைக்கு வாக்களித்துச் சென்றார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வாக்குத் தவறியதைக் கண்ட குழந்தைகள் தின்பண்டத்துக்குச் சராசரியாக மூன்று நிமிஷங்களே காத்திருந்தார்கள். வாக்குக் காக்கப்பட்டவர்கள் பன்னிரண்டு நிமிஷங்கள் காத்திருந்தார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று சொன்னது நாளைக்குக் கிடைத்தறியாத ஒரு வீட்டில் வளரும் குழந்தை, கையில் உள்ளதை இப்போதே தின்றுவிடுவது புத்திசாலித்தனமே அன்றித் தன்னடக்கக் குறைவு ஆகாது. முதற் செய்தியை மட்டும் கேட்ட ஆசிரியர் ஏழைக் குழந்தையின் குணத்தைக் குறை கூறுவார். இரண்டாவதையும் கேட்டவர், தாம் அக்குழந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காத்தோமா என்று யோசிப்பார். இந்த வேற்றுமைக்காகவேனும் திருத்தங்கள் முதற் செய்தியின் அளவுக்கே உரத்துச் சொல்லப்பட வேண்டும் என்பது என் துணிபு.

கானமன் இவ்விஷயத்தில் ஒரு நல்ல முன்மாதிரி. தம் நூலின் ஓர் அத்தியாயத்தில், போதிய எண்ணிக்கை இல்லாத சிறு ஆய்வுகளை அளவுக்கு மிஞ்சி நம்பிவிட்டதாக 2017-இல் அவரே பகிரங்கமாக எழுதினார். நோபல் பரிசு பெற்ற ஒருவர் அவ்வாறு எழுதியது அத்துறைக்குப் பெருமை.

நம் நாட்டில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. இரண்டு மூளைப் பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கட்டு அறுக்கப்பட்ட நோயாளிகளிடம் ரோஜர் ஸ்பெர்ரி செய்து, 1981-இல் நோபல் பரிசு பெற்ற நுட்பமான ஆய்வுகள், நம் ஊர்களில் வலது மூளைப் பயிற்சி வகுப்பாகவும், கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்கலாம் என்று ஆசைகாட்டும் மிட்பிரெயின் ஆக்டிவேஷன் விளம்பரமாகவும் வந்து சேர்ந்திருக்கின்றன. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு உண்மையை எடுத்துச் சொல்லத் தமிழில் போதுமான எழுத்து இல்லாததே அவ்வியாபாரத்தின் முதல். ஆங்கில நூலிலிருந்து முடிவுகளை மட்டும் பெயர்த்துத் தரும் கட்டுரைகள் அந்தக் குறையை நிரப்ப மாட்டா. சோதனை நடந்த விதத்தையே தமிழில் நடத்திக் காட்டுகிற எழுத்து வேண்டும்.

அதற்கு நல்ல வாய்ப்பு ஒன்று நம் வாயிலிலேயே வந்து நிற்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையத்தினர், கருவில் வளரும் மனித மூளையை நுண்ணிய சீவல்களாக்கிப் படமெடுத்து, 5,132 படங்களை ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகம் முழுவதும் விலையின்றிப் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அவற்றைப் பற்றித் தமிழில் எழுதப் புகுபவர், படங்களின் அழகையும் அவற்றை எடுத்த உழைப்பையும் விரிவாகவே எழுதட்டும். அதனோடு, அவை 14-ஆவது வாரத்துக்கும் 24-ஆவது வாரத்துக்கும் இடைப்பட்ட ஐந்து கருக்களின் மூளைகள் என்பதையும், உயிரணுக்கள் எங்கே எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன என்பதையும், சங்கீதம் கேட்பித்துக் கருவிலேயே குழந்தையின் அறிவைப் பெருக்கலாம் என்று சொல்பவர்களுக்கு இவற்றில் எவ்வித ஆதாரமும் இல்லை என்பதையும் கட்டுரையின் முதற் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.