மிடுக்கும் மெலிவும்: பெரியாழ்வார் திருமொழியில் யசோதைப் பிராட்டியின் ஒரு நாள்

பெரியாழ்வார் திருமொழியின் முதலிரண்டு பத்துகளை இக்காலத்தில் இரு திறத்தார் இரு வகையாக வாசிக்கின்றனர். தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் அவற்றைப் பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்று ஒரு வரியில் சொல்லி அப்பால் செல்வர். நம் உபந்யாஸகர்களில் சிலரோ, தொட்டில், எண்ணெய், முலைப்பால் என்பவற்றையெல்லாம் உள்ளுறைப் பொருளுக்கு இட்ட மேற்போர்வை என்று கருதி, போர்வையை விலக்குவதிலேயே விரைவர். இவ்விரு வாசிப்பிலும் விடுபட்டுப் போவது ஒன்றே. ஒரு சிறு பிள்ளையை வளர்க்கும் தாய் நாள் முழுதும் படும் பாடு அது. அப்பாடே ஆழ்வார் காட்டும் பொருளின் நடுநிலை என்பது அடியேனுடைய துணிவு. அதனைப் பாசுரங்களின் அடைவைக் கொண்டே நிலைநாட்ட முயல்கிறேன்.

முதல் திருமொழியை எடுத்துக்கொள்வோம். திருவவதாரத்தின் ஆரவாரமும், ஆயர்கள் உறிகளை முற்றத்தில் உருட்டி ஆடியதும் கூறிய பின், ஆறாம் பாசுரத்தில் ஆழ்வார் நம்மை வீட்டினுள் அழைத்துச் செல்கிறார். தாய் பிள்ளையின் கைகால்களை நீவி நிமிர்த்துகிறாள், காய்ந்த நீரால் மெல்ல நீராட்டுகிறாள், பசுமஞ்சளால் நாவழிக்கிறாள். அதற்காகப் பிள்ளை வாய் திறக்க, உள்ளே ஏழுலகும் காண்கிறாள். ஏழாம் பாசுரத்தில் மற்ற மாதரும் கண்டு, இவன் ஆயர் பிள்ளை அல்லன், அருந்தெய்வம் என்று மகிழ்கின்றனர். எட்டாவது, பன்னிரண்டாம் நாள் விழா. ஒன்பதாவது பாசுரமோ தாயின் முறையீடு. தொட்டிலில் விட்டால் தொட்டில் கிழிய உதைக்கிறான். எடுத்தால் இடுப்பை முறிக்கிறான். இறுக அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். மிடுக்கில்லாமையால் தான் இளைத்துப் போனதாகத் தோழியிடம் சொல்கிறாள்.

இவ்வடைவு நோக்கத்தக்கது. உலகேழையும் பிள்ளையின் வாயில் கண்டவள், மூன்று பாசுரம் கழிவதற்குள் இடுப்பு வலி சொல்கிறாள். கண்ட காட்சி அவளுடைய களைப்பைத் தீர்க்கவில்லை.

இங்கே ஸ்ரீபாகவதத்தை ஒப்பு நோக்குவது பயன்தரும். தசம ஸ்கந்தத்தில் யசோதை இருமுறை பிள்ளையின் வாயில் உலகைக் காண்கிறாள். முதலாவது, பாலுண்ட பிள்ளை கொட்டாவி விட்டபோது; மற்றது, மண் உண்டான் என்ற குற்றச்சாட்டை ஆராய்ந்தபோது. இந்த இரண்டாவது இடத்தில் அவள் தத்துவ விசாரத்தில் இறங்கிவிடுகிறாள். அவளை மீண்டும் தாயாக்கிப் பிள்ளையை மடியில் எடுக்கச் செய்ய, பகவான் தன் மாயையைப் பரப்ப வேண்டியிருக்கிறது. அவளும் கண்டதை மறக்கிறாள். ஆழ்வாருடைய முதல் திருமொழியில் அத்தகைய மறதி பேசப்படவில்லை. கண்டதை அவள் மறந்தாள் என்று கொள்ள வேண்டுவதில்லை. கண்டிருந்தும் பிள்ளையை எடுக்கிறாள், இளைக்கிறாள் என்று கொள்ளவே இடமிருக்கிறது. வடமொழிப் புராணத்தில் மாயை செய்யும் வேலையை இங்கே தொட்டிலும் இடுப்பும் செய்கின்றன.

மிடுக்கில்லாமை யாருடையது என்பதும் சிந்திக்க வேண்டியதே. சொல் அமைப்பில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. தனக்கு வலிமை போதவில்லை என்று தாய் சொல்வதாகக் கொள்ளலாம். இத்தனை துள்ளலைத் தாங்கும் வலிமை இப்பச்சைப் பிள்ளைக்கு இல்லையே என்று அஞ்சி இளைத்தாள் என்றும் கொள்ளலாம். முன்னது உடம்பின் களைப்பு. பின்னது நெஞ்சின் கவலை. பிள்ளை வளர்த்த எவரைக் கேட்டாலும் இரண்டும் ஒரே பொழுதில் வருவன என்றே சொல்லுவர். சொல்லை இரு பக்கமும் செல்ல விட்ட ஆழ்வாரின் திருவுள்ளமும் அதுவாகவே இருக்க வேண்டும்.

இனி இரண்டாம் பத்தின் அடைவு. பிற்காலப் பிள்ளைத்தமிழில் காப்புப் பருவம் முதலில் நிற்கும். அது நூலுக்குரிய முறை. ஆழ்வாரோ காப்பிடும் பதிகத்தை எட்டாவதாக வைத்தார். அதற்கு முன் நிற்பவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இரவு உண்ணாமலே உறங்கி, மறுநாள் உச்சிப் பொழுதாகியும் வராத பிள்ளையை, வயிறு தளர்ந்ததே என்று முலையுண்ண அழைப்பது இரண்டாவது. காது குத்த அழைப்பது மூன்றாவது. நீராட அழைப்பது நான்காவது. குழல் வாரக் காக்கையைக் கூவுவது ஐந்தாவது. பிள்ளைக்குக் கோல் கொண்டுவரக் காக்கையை ஏவுவது ஆறாவது. பூச்சூட்டுவது ஏழாவது. அதன் பிறகே அந்திப் பொழுதில், திருவெள்ளறையில் நிற்பவனை அழைத்துக் காப்பிடுவது. காது குத்துதலை மட்டும் ஒரு நாளைய சிறப்பாக ஒதுக்கிவிட்டால், எஞ்சியவை உச்சிப் பொழுது தொடங்கி அந்தி வரை ஒரு தாயின் ஒரு நாள். இது அவள் கைவேலை நடந்த முறை; நூல் மரபு வகுத்த முறையன்று. ஒவ்வொரு பதிகத்துக்கும் அவதாரிகை இட்டு முன்னதையும் பின்னதையும் இணைப்பது நம் வ்யாக்யாதாக்களின் நெறி. பெரியவாச்சான் பிள்ளையின் உரை பெரும்பகுதி மறைந்தபோது, மறைந்த அளவுக்கு மணவாள மாமுனிகள் மீண்டும் உரை அருளிச் செய்து நமக்கு இத்தொடர்ச்சியைக் காத்துக் கொடுத்தார். அதனைப் பெற்றிருந்தும், பதிகங்களைத் தனித்தனியே பிய்த்து வாசிப்பது நம் குறையே.

இப்பாசுரங்களில் தாய் சொல்லும் சொற்களின் இயல்பையும் கவனிக்க வேண்டும். சந்திரனை அழைக்கும் திருமொழியில், பிள்ளை கொட்டாவி விடுகிறான், உறங்காவிடில் உண்ட பால் செரிக்காது என்று அவள் சந்திரனிடமே கூறுகிறாள். ஆலிலையில் உலகுண்டு கிடந்தவன் என்றும் அதே சந்திரனை எச்சரிக்கிறாள். உலகம் செரித்தவனுக்குப் பால் செரியாதோ என்று தர்க்கம் கேட்கும். தாய் கேட்கவில்லை. நீராட்டப் பதிகத்திலும் அப்படியே. வெண்ணெயும் புழுதியும் படிந்த உடம்போடு இந்த இரவு உன்னைக் கிடக்கவிடேன் என்பது அவள் முதற்சொல். எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்து நெடும்பொழுது காத்திருப்பதாகச் சொல்கிறாள். நீ பிறந்த திருவோணம் இன்று என்கிறாள். சிற்றுண்டி உண்டு என்று ஆசை காட்டுகிறாள். நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்று நாணமூட்டுகிறாள். வேண்டுதல், காரணம் கூறல், கையூட்டு, நாணமூட்டல் என ஒன்று பலிக்காதபோது மற்றொன்றாக அவள் மாறுவது, இரண்டு வயதுப் பிள்ளையோடு பொழுது கழித்தவர்க்கெல்லாம் தெரிந்த அடைவு.

ஓர் உபந்யாஸத்தில், எண்ணெய் என்றது ஸ்நேஹத்தை, நீராட்டம் என்றது ஆத்ம சுத்தியை என்று கூறிப் பதிகம் முழுதையும் அரை நாழிகையில் முடித்ததைக் கேட்டேன். ஸ்நேஹம் என்னும் வடசொல்லுக்கு எண்ணெய் என்றும் அன்பு என்றும் இரு பொருளும் உண்டு; ஆகையால் சொன்னது பிழையன்று. ஆனால் எண்ணெய் எண்ணெயாகவே கையில் வழுக்கிப் பிள்ளை நழுவி ஓடிய பிறகல்லவா அது அன்பாகிறது? நேர்ப்பொருளைக் கடந்து செல்பவன் உட்பொருளை அடைவதில்லை. நேர்ப்பொருளுள் நுழைபவனே அடைகிறான்.

இவ்வாறு பிறரைக் குறை கூறும் தகுதி அடியேனுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகப்பனாரிடம் வீட்டுத் திண்ணையில் பாடம் கேட்டு, அறுபது ஆண்டுகளாக இப்பதிகத்தைச் சேவித்து வருகிறேன். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒரு பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்ததில்லை. ஒரு நாள் திண்ணையில் இதே பதிகத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே கடைக்குட்டி குளிக்க மறுத்து அலறிய ஓசை பாடத்துக்கு இடையூறாக இருந்ததால், சற்று அடக்கக் கூடாதா என்று கேட்டேன். நிலைப்படியில் வந்து நின்ற என் தர்மபத்னி, “யசோதை சொன்னதைத்தானே நீங்களும் சொல்லிண்டிருக்கேள்; உள்ளே வந்து ஒரு தரம் கேளுங்கோளேன்” என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள்; நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். இன்று அவள் ஆசார்யன் திருவடி அடைந்துவிட்டாள். சென்ற ஆண்டு பேரனை நீராட்ட என் கையில் விட்டபோதுதான், அவன் இடுப்பில் முட்டி வயிற்றில் பாய்ந்தபோதுதான், முதல் திருமொழியின் ஒன்பதாம் பாசுரம் எனக்கு அர்த்தமாயிற்று. அவள் சொன்னது பரிஹாஸம் அன்று, வ்யாக்யானம் என்று அறிய இத்தனை காலம் ஆயிற்று.

மறுப்பு ஒன்று எழலாம். மூன்றாம் பத்தின் முதல் திருமொழியில் தாய், உன்னை இன்னானென்று அறிந்துகொண்டேன், உனக்கு முலை தர அஞ்சுகிறேன் என்று பாசுரந்தோறும் சொல்கிறாளே; அங்கே பரத்வ ஞானம் தாய்மையை வென்றதல்லவா? வென்றதுபோல் தோன்றும். ஆனால் அதை அடுத்த திருமொழியையே பார்க்க வேண்டும். கன்றின்பின் காட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, குடையும் செருப்பும் கொடுக்காமல் விட்டேனே, வெங்கற்கள் அடியை வருத்துமே என்று அதே தாய் கதறுகிறாள். முலை தர அஞ்சியவள் கால் சுடுமே என்று அழுகிறாள். அச்சம் ஒரு திருமொழியளவே நின்றது. பரிவு அதன்பின்னும் நின்றது. இப்பரிவே ஆழ்வார்க்குத் திருப்பல்லாண்டிலும் உள்ளது. உலகைக் காப்பவனுக்கு என் வருமோ என்று அஞ்சிக் காப்பிடும் அவ்வுள்ளத்தாலேயே அவர்க்குப் பெரியாழ்வார் என்னும் திருநாமம் வாய்த்தது என்று மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் அறுதியிட்டார். யசோதையின் வாய்மொழி அவர்க்குப் பொருந்தியது அதனாலேயே.

இப்பாட்டின் மதிப்பைக் காட்டும் வேறொரு சான்றும் உண்டு. குலசேகரப் பெருமாள் ஏழாம் திருமொழியில் தேவகியின் புலம்பலை அருளினார். பெற்றவள் இழந்தவை எவை என்று அவள் எண்ணுகிறாள். தாலாட்டுப் பாடப் பெறவில்லை. செம்மண் புழுதியாடி வந்து மார்பில் அணையப் பெறவில்லை. சிறுவிரல் அனைத்தாலும் வாரி உண்ட சோற்றின் மிச்சிலை உண்ணப் பெறவில்லை. புழுதியும் எச்சிலும் யசோதைக்கு அன்றாட வேலை. தேவகிக்கு அவையே கிட்டாத பேறு. ஒருத்தி இளைத்தேன் என்றதும், மற்றவள் இழந்தேன் என்றதும் ஒரே பொருளைப் பற்றியவை. இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்க்கே ஸௌலப்யத்தின் அளவு புலப்படும். ஒருவர் கையில் அகப்பட்டு, அக்கையைக் களைக்கச் செய்யும் அளவுக்கு எளியவனாதல் அது.

பல திவ்யதேசங்களில் திருமஞ்சனத்தின்போது இந்நீராட்டப் பதிகம் சேவிக்கப்படுகிறது. தகப்பனார் கைங்கர்யம் செய்த நாளில், திருமஞ்சனத் தீர்த்தத்தை எடுக்கும்போதெல்லாம் புறங்கையில் சில துளி விட்டு, குளிர்ச்சியும் சூடும் அறிந்த பின்பே பெருமாளுக்குச் சேர்ப்பார். ஏன் என்று சிறுவனாகக் கேட்டேன். “உன் அம்மா உனக்குப் பார்ப்பாளே, அதுதான்” என்றார். அதனை எந்த நூலிலும் அடியேன் கற்கவில்லை. அடுத்த முறை இப்பதிகம் சேவிப்போர், சேவிக்குமுன் தத்தம் அகத்தில் அன்று பிள்ளையை யார் நீராட்டினார் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்வாராயின், வ்யாக்யானத்தில் பாதி அவர்க்கு அங்கேயே கிடைத்துவிடும்.