ஜாம்பியும் நீங்கியோரும்: ஒரு கணித மாதிரியின் இரு சொற்கள்

ஜாம்பித் தொற்று பரவுமாயின் மனித இனம் பிழைக்குமா என்னும் வினாவைக் கணித மாதிரி கொண்டு ஆராய்ந்த கட்டுரையொன்று 2009இல் கனடாவிலிருந்து வெளிவந்தது. ஆசிரியர் நால்வருள் ஒருவர் இராபர்ட் ஸ்மித்?. வினாக்குறி அவர் பெயரின் பகுதியே, அச்சுப்பிழையன்று. வேடிக்கைபோல் தோன்றினும், தொற்றுநோய்க் கணிதத்தைக் கற்பிக்க ஏற்ற கட்டுரை இது. இதனைத் தமிழாக்க முற்படுவோர் இரு சொற்களில் இடறக்கூடும்.

முதலாவது ‘ஜாம்பி’. கட்டுரை இச்சொல்லின் ஆப்பிரிக்க-கரீபிய மூலத்தைச் சுட்டியே தொடங்குகிறது. ஆயின் அதன் சமன்பாடுகளில் அம்மூலத்திற்கு இடமில்லை. ஹைத்தி நாட்டு வழக்கில் ஜாம்பி கடிப்பதில்லை, தன்னினத்தைப் பெருக்குவதுமில்லை. போக்கோர் எனப்படும் சூனியக்காரன் இறந்தவரை எழுப்பித் தனக்கு ஊழியம் செய்விக்கிறான். உப்பை உண்டால் அது தன்னிலை உணரும் என்பர். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழன்றோரின் வழிவந்த மக்கள் ஜாம்பியைக் கண்டு அஞ்சியதைவிட, தாம் ஜாம்பியாக்கப்படுவதற்கே பெரிதும் அஞ்சினர். இறப்பிற்குப் பின்னும் விடுதலையில்லை என்பதே அவ்வச்சம். இங்கு ஜாம்பிகளின் பெருக்கம் சூனியக்காரரின் எண்ணிக்கையைச் சார்ந்ததாகும். மாதிரியிலோ அது மனிதர் தொகை, ஜாம்பித் தொகை ஆகியவற்றின் பெருக்கற்பலனைச் சார்ந்துள்ளது. மாதிரிக்கு மூலம் நாட்டார் வழக்கன்று, 1968இல் ஜார்ஜ் ரொமெரோ இயக்கிய திரைப்படமும் அதன் வழிவந்தனவுமே. அப்படத்தின் உரையாடலில் ‘ஜாம்பி’ என்னும் சொல்லே வருவதில்லை. அரபு மொழிவழி வந்த ‘கூல்’ என்னும் சொல்லே ஆளப்படுகிறது. பெயரைப் பின்னர்ச் சூட்டியோர் பார்வையாளரே.

தமிழில் ‘நடைப்பிணம்’ உண்டு. உயிரிருந்தும் தன்வயமிழந்தவனைக் குறிக்கும் இச்சொல் ஹைத்தியப் பொருளுக்கு வியப்பூட்டுமளவு நெருங்கி நிற்கிறது. அதனாலேயே கணிதக் கட்டுரைக்குப் பொருந்தாது. ‘வேதாளம்’ பிணத்துள் புகும் வேறோர் ஆவி. புதிர் போடுமேயன்றித் தொற்றாது. கணிதத்திற்கு ‘ஜாம்பி’ எனக் கடன்சொல்லாகவே கொள்வது தகும். ‘சோம்பி’ என எழுதினால் சோம்பல் நினைவிற்கு வரும்!

இரண்டாவது இடறல் பெரிது. ‘ஆர்’ என்னும் எழுத்தால் சுட்டப்பெறும் பிரிவினரைக் ‘குணமடைந்தோர்’ எனப் பெயர்க்கும் போக்கு காணப்படுகிறது. இம்மாதிரிகளுக்கு அடிப்படையான 1927ஆம் ஆண்டுக் கட்டுரையில் கெர்மாக்கும், முன்னர்க் கசௌலி பாஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்த மெக்கென்ட்ரிக்கும் குறித்தது தொற்றுச் சுழலிலிருந்து அகன்ற அனைவரையும். பிழைத்தவரும் இறந்தவரும் அதனுள் அடங்குவர். அவர்கள் சான்றாகக் காட்டிய வரைகோடு 1905-06இல் பம்பாயில் பரவிய பிளேக்கினுடையது. நோயுற்றோருள் மிகப்பெரும்பாலோர் மடிந்தமையால், வார இறப்பு எண்ணிக்கையையே அகன்றோர் கணக்காகக் கொண்டனர். அவ்வரைகோட்டின்கீழ்க் ‘குணமடைந்தோர்’ என எழுதுவது பம்பாயின் பிணங்களை நலம்பெற்றோராகக் காட்டுவதாகும்.

ஜாம்பி மாதிரியில் இப்பிழை நகைப்பிற்கிடமாகிறது. அங்கு இயல்பாக இறந்தோரும் வீழ்த்தப்பட்ட ஜாம்பிகளும் இப்பிரிவில் சேர்ந்து, அதிலிருந்தே மீண்டும் எழுகின்றனர். குணமடைந்தோர் பிணமாய் எழுவதெங்ஙனம்?

‘நீக்கப்பட்டோர்’ என்பது நீக்கியவர் யார் என்னும் வினாவை எழுப்புகிறது. இயல்பான இறப்பிற்கு வினைமுதல் இல்லை. ‘நீங்கியோர்’ என்பதே என் பரிந்துரை. நோய் நீங்கியது என்கிறோம். உயிர் நீங்கியது என்றும் சொல்கிறோம். ‘விலக்கப்பட்டோர்’ என்பதை இங்குப் பயன்படுத்தலாகாது. அதே கட்டுரையில் பின்னர் வரும் தனிமைப்படுத்தப்பட்ட பிரிவினரோடு அது மயங்கும்.