"ஐந்தில் ஒருவர்" யார்? வெளிநாட்டு மருத்துவப் படிப்பு பற்றிய எழுத்துகளை வாசித்தல்

பிளஸ் டூ ரிசல்ட் தொடங்கி நீட் ரிசல்ட் வந்து ஒரு மாதம் ஆகிறவரை நம்ம ஊரில் இரண்டு வகை எழுத்து பெருகும். ஒன்று, காலையில் பேப்பருக்குள் சொருகி வரும் "வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்." நோட்டீஸ். இன்னொன்று, "வெளிநாட்டில் படித்தவர்களில் 80 சதவீதம் பேர் ஃபெயில்" என்கிற செய்தியும், அதை வைத்து எழுதப்படும் எச்சரிக்கைக் கட்டுரைகளும். சித்தப்பா மகனின் பொண்ணுக்காக இரண்டு மாதமாக இரண்டையும் சேகரித்து வாசித்தேன். பொண்ணு நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள், அரசு இடத்துக்கு எட்டவில்லை. சுயநிதிக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். அதனால் தம்பி போன் பண்ணி, "அண்ணே, நீங்க ரெக்கார்டெல்லாம் தேடிப் படிக்கிற ஆளு, இது உண்மையா பொய்யான்னு மட்டும் சொல்லுங்க"ன்னான்.

நான் டாக்டர் இல்லை, புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். இந்தத் தளத்தில் பழைய சென்சஸ் அறிக்கைகளை எப்படிப் படிப்போமோ, அப்படித்தான் இதையும் படித்தேன். யார் எண்ணினார்கள், யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள்.

முதலில் நோட்டீஸ். அதில் உள்ள பொய்கள் பெரும்பாலும் எண்ணில் இல்லை, பெயர்ச்சொல்லில் இருக்கு. "எம்.பி.பி.எஸ்." என்பதையே எடுத்துக்குங்க. ரஷ்யாவிலோ ஜார்ஜியாவிலோ அந்தப் பெயரில் பட்டம் கொடுக்கும் மரபு கிடையாது. அங்கே பொது மருத்துவத்தில் ஆறு ஆண்டுப் படிப்பு, ஆங்கிலச் சான்றிதழில் பெரும்பாலும் 'டாக்டர் ஆஃப் மெடிசின்' மாதிரி ஒரு பெயர் இருக்கும். அடுத்தது "உலக சுகாதார நிறுவன அங்கீகாரம்". உலக சுகாதார நிறுவனம் எந்த மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. முன்பு கல்லூரிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை வெளியிட்டது, அவ்வளவுதான். இன்றைக்கு உள்ள உலக மருத்துவக் கல்லூரிப் பட்டியலை நடத்துவது வேறு அமைப்புகள். பட்டியலில் பெயர் இருப்பது தரச் சான்று அல்ல என்று அவர்களே சொல்றாங்க. டெலிபோன் டைரக்டரியில் பேர் இருக்கிற மாதிரிதான். மூன்றாவது "என்.எம்.சி. அப்ரூவ்டு". தேசிய மருத்துவ ஆணையம் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஒப்புதல் பட்டியல் எதுவும் வைத்திருக்கவில்லை. படிப்பு எப்படி இருக்கணும் என்று விதி போட்டிருக்கு. பொருந்துதா என்று பார்க்கிற வேலை மாணவர் தலையில். ஆக, ஒரு நோட்டீஸில் தடித்த எழுத்தில் இருந்த மூன்று வார்த்தைகளும் இல்லாத மூன்று பொருளைக் குறிக்கின்றன. "இந்தியன் மெஸ் உண்டு" என்கிற நாலாவது வரி மட்டும் உண்மையாக இருக்க வாய்ப்பிருக்கு.

இதோட நிறுத்தியிருந்தால் எச்சரிக்கைக் கட்டுரைகள் பக்கம் சாய்ந்திருப்பேன். ஆனால் அவை இன்னும் மோசமான ஒரு வேலையைச் செய்கின்றன, ஏன்னா அங்கே எண் உண்மையானது.

வெளிநாட்டில் மருத்துவம் படித்த இந்தியர் இங்கே பதிவு பெற எஃப்.எம்.ஜி.இ. என்கிற தேர்வில் தேறணும். 2002-ல் வந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை, 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், தப்பான பதிலுக்கு மார்க் குறைப்பு கிடையாது. பல அமர்வுகளில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில்தான் தேறியிருக்காங்க. 2015 முதல் 2018 வரை சேர்த்துப் பார்த்தால் ஏழில் ஒருவர். இது வரைக்கும் சரி. இதிலிருந்து "ஐந்து பேர் போனால் ஒருவர்தான் டாக்டராகத் திரும்புவார்" என்று எழுதும்போதுதான் சறுக்கல். "80 சதவீதம் ஃபெயில்" என்பது ஓர் அமர்வைப் பற்றிய எண், மனுஷனைப் பற்றியது இல்லை. தேறாதவர் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம், எழுதும்போதெல்லாம் வகுக்கும் எண்ணில் இன்னொரு தலையாகக் கூடுவார்.

இரண்டு கற்பனை ஊர்களை வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் ஒவ்வொரு அமர்வுக்கும் புதிதாக 100 பேர் வருகிறார்கள். முதல் ஊரில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறையும் தேற ஐந்தில் ஒரு வாய்ப்பு. சில ஆண்டுகளில் நிலைமை இப்படி வந்து நிற்கும்: அமர்வுக்கு 500 பேர் எழுதுவார்கள், 100 பேர் தேறுவார்கள். 20 சதவீதம். ஆனால் இந்த ஊரில் கடைசியில் எல்லாருமே தேறிவிடுகிறார்கள், சராசரியாக ஐந்து முறை எழுதி. இரண்டாவது ஊரில் 100 பேரில் 60 பேர் முதல் முறையே பாஸ். மீதி 40 பேர் ஆறு முறை எழுதியும் தேறாமல் கைவிட்டுவிடுகிறார்கள். இங்கே அமர்வுக்குப் புதியவர் 100, பழையவர் 200, மொத்தம் 300, தேறியவர் 60. இங்கேயும் 20 சதவீதம்தான்!

ஒரே எண், இரண்டு ஊர். முதல் ஊரில் பிரச்சினை காலம்: ஐந்து முறை என்றால் இரண்டரை ஆண்டு. இரண்டாவது ஊரில் பிரச்சினை ஆள்: நன்றாகப் படிக்கிறவருக்குப் பயமே வேண்டாம், படிக்காதவருக்கு வழியே இல்லை. ஒரு குடும்பம் முடிவெடுக்க வேண்டியது நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை வைத்துத்தான். கட்டுரையாளர்கள் அதைச் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. நிஜம் இரண்டும் கலந்ததாகத்தான் இருக்கும்.

ஏஜென்டுகள் இதே தப்பைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தேர்வு வாரியம் கல்லூரி வாரியாக எழுதியவர், தேறியவர் எண்ணிக்கையை வெளியிட்டிருக்கு. அந்த அட்டவணையில் எட்டுப் பேர் எழுதி ஐந்து பேர் தேறிய கல்லூரி நோட்டீஸுக்கு வரும்போது "62.5 சதவீதத் தேர்ச்சி" ஆகிவிடும். எட்டுப் பேரில் ஒருத்தருக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றால் அது 50. கூடவே இன்னொன்று, இந்த அட்டவணை தேர்வெழுத வந்தவர்களை மட்டும்தான் எண்ணும். இரண்டாம் ஆண்டிலேயே பணம் இல்லாமல் திரும்பியவர், படிப்பை முடிக்க முடியாமல் வேறு வேலைக்குப் போனவர் யாரும் அதில் இல்லை. ஒரு கல்லூரி பலவீனமானவர்களை வழியிலேயே உதிர்த்துவிட்டால் அதன் சதவீதம் அழகாத்தான் இருக்கும்.

சரி, எண்ணைத் தள்ளி வைத்தால் எதைப் பார்ப்பது? இரண்டு தரப்பும் தொடாத ஓர் ஆவணம் இருக்கு. 2021 நவம்பர் 18 அன்று அரசிதழில் வந்த வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் உரிமம் பற்றிய விதிமுறைகள். சில பக்கங்கள்தான், நோட்டீஸை விட எளிமையான நடை. படிப்பு குறைந்தது 54 மாதம். அதற்கு மேல் 12 மாத இன்டர்ன்ஷிப், அதுவும் அதே வெளிநாட்டுக் கல்லூரியில். பயிற்று மொழி ஆங்கிலம். பயிற்சியின் எந்தப் பகுதியையும் வேறு நாட்டிலோ இந்தியாவிலோ செய்யக் கூடாது. இங்கே வந்து இன்னொரு 12 மாதப் பயிற்சி. எல்லாம் சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் முடியணும். பிலிப்பைன்ஸில் எம்.டி. என்பது ஒரு இளங்கலைக்கு அப்புறம் படிக்கிற நான்கு ஆண்டுப் படிப்பு. அதை 54 மாதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எங்கே இடிக்கும் என்று யாரும் கணக்குப் போடலாம்.

அதே விதிமுறையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு வரி. படித்த நாட்டில், அந்த நாட்டுக் குடிமகனுக்கு நிகராக, மருத்துவம் பார்க்க உரிமம் பெறத் தகுதி இருக்கணும். அதாவது அந்த ஊர் நோயாளிக்கு வைத்தியம் பார்க்கக்கூடிய ஆளாக அந்த ஊரே ஒத்துக்கணும். இங்கேதான் மொழி வருது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், நோட்டீஸ் சொல்வது உண்மைதான். வார்டு ஆங்கிலத்தில் நடக்காது. தாஷ்கண்டில் நெஞ்சு வலி என்று படுத்திருக்கும் பாட்டி உஸ்பெக்கிலோ ரஷ்ய மொழியிலோதான் சொல்வாள், வலி எங்கே தொடங்கியது, தோளுக்குப் போகுதா, ராத்திரி கூடுதா என்று. மூன்றாம் ஆண்டுக்கு மேல் மருத்துவப் படிப்பு என்பதே இந்த உரையாடல்தான். அது புரியாத மாணவர் பேராசிரியர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, ராத்திரி ரூமில் இந்திய வீடியோ பாடங்களைப் போட்டு எஃப்.எம்.ஜி.இ.க்குப் படிக்கிறார். தேர்விலும் தேறிவிடலாம். 300 கேள்வியில் எந்தக் கேள்வியும் நோயாளியோடு பேசச் சொல்வதில்லையே.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. யாழ்ப்பாணம் மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவம் சொல்லிக்கொடுத்த அமெரிக்கர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், ஆங்கிலத்தில் கற்பிப்பதை விட்டுத் தமிழுக்கு மாறினார், உடற்கூறு முதல் பல நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். படித்தவர்கள் ஊரிலேயே இருந்து ஊர்க்காரர்களுக்குப் பார்க்கணும் என்பது அவர் எண்ணம். அவரைப் பற்றித் தனியாக எழுத ஆசை, இன்னொரு நாள். இங்கே தேவையானது இவ்வளவுதான்: அவர் வாத்தியார் பக்கத்திலிருந்து தாண்டிய அதே இடைவெளியை நம்ம பிள்ளைகள் மாணவர் பக்கத்திலிருந்து தாண்ட வேண்டியிருக்கு. அதை எந்த நோட்டீஸும் சொல்வதில்லை.

நாடு கவிழ்கிற ஆபத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன், அதற்கு முன் 2020-லிருந்து சீனா விசா இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் படித்தவர்கள். அவர்களுக்கு இங்கே விதிவிலக்குகள் தாமதமாக வந்தன, கூடுதல் பயிற்சி ஆண்டுகளோடு வந்தன. இதை முன்கூட்டிக் கணிக்க முடியாது. கையில் ஒரு வருடச் செலவு கூடுதலாக இருக்கா என்று மட்டும் பார்க்கலாம்.

காலக் கணக்கு மட்டும் தெளிவு. 54-ம் 12-ம் சேர்ந்து ஐந்தரை ஆண்டு, பல இடங்களில் ஆறு. தேர்வுக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டரை ஆண்டு. இங்கே பயிற்சி ஒரு ஆண்டு. பதினெட்டு வயதில் போகிறவள் முதல் சம்பளத்துக்கு இருபத்தாறு வயது என்று வைத்துக்கொண்டு பணத்தைப் போடணும். நோட்டீஸில் உள்ள "மொத்தக் கட்டணம்" விமானம் ஏறுவதிலிருந்து பட்டம் வாங்குவது வரைக்கும்தான். அப்புறம் கோச்சிங், சாப்பாடு, கடன் வட்டி எல்லாம் இந்தியாவில் ஓடிக்கிட்டே இருக்கும். தம்பி அடமானம் வைக்க நினைப்பது மூன்று ஏக்கர் நஞ்சை.

என் கருத்தைக் கேட்டால், போகலாம், ஆனால் அந்த ஊர் மொழியை முதல் வருஷமே உட்கார்ந்து படிக்கத் தயாராக இருக்கிற பிள்ளை மட்டும். மொழி வேண்டாம், தேர்வு மட்டும் போதும் என்று நினைக்கிறவருக்கு அந்தப் பணத்தில் இங்கேயே வேறு நல்ல படிப்புகள் உண்டு. பொண்ணிடம் இதைச் சொன்னேன். "பெரியப்பா, அப்ப அங்க சீனியர் அக்கா யார்கிட்டயாவது வார்டுல என்ன நடக்குதுன்னு கேட்டுட்டுச் சொல்றேன்"னாள். அவள் தேடிப் பிடித்த இரண்டு பேரில் ஒருத்தர் மூன்றாம் ஆண்டு, இன்னொருத்தர் தேர்வுக்கு இரண்டாம் முறை படிக்கிறார்.

தம்பியை ஏஜென்டிடம் மூன்று கேள்வி எழுத்தில் கேட்கச் சொன்னேன். பட்டத்தின் சரியான பெயர் என்ன? அந்தப் பட்டத்தோடு உள்ளூர்க்காரர் அங்கே உரிமம் பெற என்னென்ன செய்யணும், அதை நம்ம பிள்ளையும் செய்ய முடியுமா? ஐந்து ஆண்டுக்கு முன் உங்கள் மூலமாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அதில் இன்றைக்குப் பதிவு பெற்றவர்கள் எத்தனை பேர்? முதல் கேள்விக்குப் பதில் வாட்ஸப்பில் அன்றைக்கே வந்துவிட்டது. இரண்டாவதுக்கு, "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்." மூன்றாவதுக்கு இன்னும் வரவில்லை. வருகிற வரைக்கும் பத்திரத்தைப் பீரோவை விட்டு எடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன்.